சொல்லாமல் ஊற்றிய மருந்து

வாலுவின் வாயோரத்தில் முதலில் நூல் மாதிரி எச்சில்தான் தொங்கியது. சின்னவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கசப்பு மருந்து குடித்தால் மனுஷனுக்கே எச்சில் ஊறும், மாடு மட்டும் என்ன விதிவிலக்கா? குடல்புழு மருந்து பாட்டிலை இறுக்கி மூடி, தன் அலமாரியில் தவிட்டு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் எச்சில் நுரையாகியிருந்தது.

வாலு உதட்டை நக்கியது. மறுபடி நக்கியது. காதுக்குள் யாரோ ஊதியது போலத் தலையை உதறியது. முன்னங்காலுக்கு மேலே தோல் தானாகத் துடித்தது. ஈயை விரட்டுகிற துடிப்பு இல்லை அது. அங்கே ஈயே இல்லை.

சின்னவள் கிட்டே போனாள். "ஏய் வாலு, என்னடி பண்ணுது? சும்மா பயமுறுத்தாத" என்று முதுகைத் தடவினாள். கைக்கு அடியில் அந்தச் சின்ன உடம்பு நடுங்குவது தெரிந்தது. கையை எடுத்துவிட்டாள்.  

வாலு என்பது அந்தக் கொட்டகையின் கிடேரி. இன்னும் பருவத்துக்கு வராத வயது. வேலியில் எந்த இடுக்கு பெரிசு, தண்ணீர்த் தொட்டியை எந்தப் பக்கம் முட்டினால் கவிழும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி, அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் அது யாருடைய மாடு என்று கேட்டால் அந்த வீட்டில் சட்டென்று பதில் வராது. பெற்றது பெரியவளின் செவலை. செவலை செத்த பிறகு பால் கொடுத்து வளர்த்தது சின்னவளின் கருப்பி. பெற்ற உரிமை ஒருத்திக்கு, வளர்த்த உரிமை இன்னொருத்திக்கு.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள், அண்ணனையும் தம்பியையும் கட்டியவர்கள். அந்த அண்ணனும் தம்பியும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் சாலையில் கிடப்பார்கள். வீடு இரண்டு, கொட்டகை ஒன்று. ஒரு காலத்தில் அங்கே எல்லாமே ஒன்றாகத்தான் இருந்தது. பால் கறக்கும்போது ஒருத்தி மடியைக் கழுவுவாள், இன்னொருத்தி கறப்பாள். மருந்து ஊற்றுவதென்றால் ஒருத்தி வாயைப் பிடிப்பாள், இன்னொருத்தி ஊற்றுவாள்.

போன மழைக்காலத்தில் செவலை செத்தது. நல்ல பால்மாடு, கொஞ்ச நாளில் எலும்பும் தோலுமாக ஆயிற்று. தாடைக்கு அடியில் நீர் கோத்து ஒரு பை மாதிரி தொங்கியது. கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு வெள்ளை. வயிற்றுக்குள் நூல் மாதிரி புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சிவிட்டன என்று டாக்டரம்மா சொன்னார். ஈரமும் வெக்கையும் சேர்ந்த இடத்தில் இது எல்லார் வீட்டு மாட்டுக்கும் வருவதுதான். விடியற்காலை ஈரத்தில் புழுக்குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும், அந்த நேரத்தில் மேய்ந்தால் வாய் நிறைய உள்ளே போகும் என்றும் பொதுவாகச் சொன்னார்.

பொதுவாகச் சொன்னதைச் சின்னவள் பொதுவாகவே விட்டிருக்கலாம். விடவில்லை. செத்த மாட்டை வண்டியில் ஏற்றும்போது, தெருவே நின்று பார்க்கையில், "விடியறதுக்கு முன்னாடி ஈரப்புல்லுக்கு ஓட்டிட்டுப் போனது யாரு? நீங்கதானே? நீங்கதான் அதைக் கொன்னீங்க" என்று கத்திவிட்டாள்.  பெரியவள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றோடு பேச்சு நின்றது. கொட்டகையில் எல்லாம் இரண்டாயிற்று. துடைப்பம் இரண்டு, வாளி இரண்டு, அலமாரி இரண்டு, புழு மருந்து பாட்டில்கூட இரண்டு. ஒரே கடையில் வாங்கிய ஒரே மருந்து, ஆனால் இவள் பாட்டிலை அவள் தொட மாட்டாள். தவிர்க்க முடியாமல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கருப்பியிடம் சொல்வார்கள்.

"ஏ கருப்பி, குழாயை மூடாமப் போனவங்ககிட்ட சொல்லு, தண்ணி என்ன அவங்க அப்பன் வீட்டு ஆத்துலேருந்தா வருது?"

"கருப்பி, குழாய்ல வாஷர் போயிடுச்சுன்னு சொல்லு. மூடினாலும் ஒழுகத்தான் செய்யும்."

கருப்பி அசைபோட்டபடி இருவருக்கும் பொதுவாக நிற்கும். அந்த வீட்டில் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

நேற்று மாலை தீனி வைக்கப் போனபோதுதான் சின்னவள் வாலுவின் தாடையைப் பார்த்தாள். அடியில் மெத்தென்று ஒரு வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது, குழி உடனே நிரம்பவில்லை. அதே பை. செவலைக்குத் தொங்கிய அதே பை. இமையைப் பிதுக்கினாள், வெள்ளை. பெரியவள் புல்லை வெயிலில் நன்றாக உலர்த்தித்தான் இப்போதெல்லாம் போடுகிறாள், இருந்தும் வேலி இடுக்கில் நுழைந்து சாக்கடை ஓரத்து ஈரப்புல்லை மேய்ந்துவிட்டு வருகிற வாலுவை யார் கட்டிப் பிடிப்பது?

இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள். காலையில் கருப்பியைக் கறந்து முடித்து, பேச்சு நின்ற பிறகும் மாறாத வழக்கப்படி பெரியவள் கேனைத் தூக்கிக்கொண்டு பால் டிப்போவுக்குப் போனதும் பாட்டிலை எடுத்தாள். தனி ஆளாக ஒரு கையால் வாலுவின் தாடையைத் தூக்கி, மறு கையால் வாயோரத்தில் சரித்தாள். வாலு திமிறியது. மருந்து கழுத்து வழியாக ஓடியது. எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே போயிற்று என்று யாருக்குத் தெரியும்? குறைந்துவிட்டால் புழு சாகாது என்ற பயத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் பாதி சிந்தியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

இப்போது அந்தக் கிடேரி நுரை தள்ளிக்கொண்டு நிற்கிறது.

கொட்டகை வாசலில் காலடி கேட்டது. பெரியவள் காலிக் கேனோடு உள்ளே வந்தாள், வாலுவைப் பார்த்தாள். கேன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவள் முகம் வெளிறியதைச் சின்னவள் பார்த்தாள். கத்துவாள், 'என்னடி செஞ்ச' என்று கேட்பாள் என்று காத்திருந்தாள்.  பெரியவளோ செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"டாக்டரம்மா, எங்க இருக்கீங்க? சீக்கிரம் வாங்க, வாலுவுக்கு உடம்பு சரியில்ல" என்று அவள் குரல் தெருவில் கேட்டது.

டாக்டர் வரப்போகிறார்.  வந்ததும் முதலில் நுரையைத்தான் பார்ப்பார். சின்னவள் முந்தானையால் வாலுவின் வாயை அழுந்தத் துடைத்தாள். மறுபடி வந்தது, மறுபடி துடைத்தாள். முந்தானை நனைந்து கனத்தது. பெரியவள் திரும்பி வந்து, என்ன நினைத்தாளோ, ஒரு வாளி தண்ணீரை எடுத்து வாலுவின் காலடித் தரையில் ஊற்றிப் பரபரவென்று தேய்த்துக் கழுவினாள். டாக்டர் வருகிறாரே என்று சுத்தம் செய்கிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒருத்தி வாயையும் ஒருத்தி தரையையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரை நிறுத்திய வேகத்திலேயே உள்ளே வந்தார். குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷி. வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். வாலுவின் இமையைப் பிதுக்கினார். தாடை வீக்கத்தை அழுத்தினார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே. அம்மாவுக்கு வந்த அதே கதைதான். ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்ல" என்றாள் சின்னவள்.

"இல்ல" என்றாள் பெரியவள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒரு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான், அதுவும் பொய். பெரியவள் சொன்னது பொய் என்பது சின்னவளுக்கு அப்போது தெரியாது. 

"நிச்சயமா? நாட்டு மருந்து, கடை மருந்து, எதுவும்?"

"எதுவும் இல்ல டாக்டரம்மா."

"அப்ப இன்னைக்கே புழுவ அடிச்சாகணும். தாமதிச்சா கையை விட்டுப் போயிடும். வாய் வழியா ஊத்தினா சிந்தும், ஊசியாவே போட்டுடறேன்." டாக்டர் பையைத் திறந்தார். சின்னக் கண்ணாடிப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசியைக் குத்தி இழுத்தார். மருந்து குழலுக்குள் ஏறியது.

சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும் என்று இன்னொன்று காட்டியது. ஊர் பார்க்க 'நீங்கதான் கொன்னீங்க' என்று சொன்ன வாய் இது. இப்போது அந்தச் செவலையின் ஒரே வாரிசுக்கு, கேட்காமல் கொள்ளாமல், திருட்டுத்தனமாக மருந்து ஊற்றியது இந்தக் கை. பெரியவள் திருப்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குப் பிறகு இந்தக் கொட்டகையில் எந்த முகத்தோடு நிற்பது? லாரியிலிருந்து இறங்கி வருகிறவரிடம் என்ன சொல்வது? வாலு தானாகவே பிழைத்துக்கொள்ளாதா? டாக்டர் படித்தவர், அவர் போடுகிற ஊசி கெடுதலா செய்யும்? இப்படியெல்லாம் மனசு நொண்டிச் சாக்குகளைத் தேடி ஓடியது. பயம் வந்துவிட்டால் மனுஷ புத்தி எவ்வளவு கேவலமாக வேலை செய்யும் என்பதற்கு அவளைவிட வேறு சாட்சி வேண்டாம்.

டாக்டர் வாலுவின் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கினார். ஊசி முனை தோல் பக்கம் போனது. வாலு தலையைத் திருப்பிச் சின்னவளைப் பார்த்தது. அதன் வாயிலிருந்து மறுபடி நுரை இறங்கியது. இந்த முறை அவள் துடைக்கவில்லை.

"போடாதீங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "போடாதீங்க டாக்டரம்மா. நான் குடுத்துட்டேன். காலையில குடுத்துட்டேன். சிந்திடுச்சுன்னு திரும்பத் திரும்ப ஊத்தினேன். பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் ஊசியோடு அப்படியே நின்றார். "என்ன மருந்து? கொண்டா."

சின்னவள் ஓடிப் போய்த் தவிட்டு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். டாக்டர் வாங்கி லேபிளைப் படித்தார். பாட்டிலை வெளிச்சத்தில் உயர்த்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நான் ஊசில ஏத்தியிருக்கறதும் இதே மருந்துதான்" என்றார்.  மருந்தைத் தரையில் பீய்ச்சிவிட்டு ஊசியைக் கழற்றினார். "ஆனா இதுல குறைஞ்சிருக்கற அளவுக்கு, அதுலயும் பாதி சிந்திடுச்சுன்னா, இப்படி நடுங்காதே. வேற என்னமோ இருக்கு. தழை எங்க வெட்டினீங்க? பக்கத்து வயல்ல ஏதாவது தெளிச்சாங்களா?"

 கருப்பி அசைபோட்டது. வாலுவின் பின்னங்கால்கள் மடங்கின. பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"நானும்" என்றாள் பெரியவள்.

சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். டிப்போவுக்குப் போகும்போதே அதை மறைத்து எடுத்துப் போயிருக்கிறாள். "நானும் குடுத்தேன். கறக்கறதுக்கு முன்னாடி, இருட்டோட. நேத்து தாடையப் பாத்தேன். அவ பாத்துடக் கூடாதுன்னு விளக்குகூடப் போடல. கீழ எல்லாம் சிந்திடுச்சு. அதைத்தான் கழுவினேன்."

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் தாடையைத் தூக்கும்போது வாலுவின் கழுத்து ஏற்கெனவே ஈரமாக இருந்தது. தரையில் வெளுப்பாக ஒரு திட்டு கிடந்தது. தண்ணீர் குடித்துச் சிந்தியிருக்கும் என்று நினைத்தாளே ஒழிய வேறு நினைக்கவில்லை.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் வாய்னு ஒண்ணு இருக்கா இல்லையா? ஒரே கொட்டகை! 'நான் குடுத்துட்டேன்'னு ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? எவ்வளவு ஊத்தினீங்க?"

"அந்த வயசுக்கு உள்ள அளவு" என்றாள் பெரியவள்.

"வயசுக்கு இல்லம்மா, எடைக்கு. இதுதான் பாதியா இளைச்சுப் போயிருக்கே. ரெண்டு பேரும் பாதி பாதி சிந்தினதாலதான் இது இன்னும் மூச்சு விடுது. நான் மூணாவதா போட்டிருந்தேன்..." அவர் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. 

டாக்டர் வேறு ஒரு ஊசி போட்டார். உத்தரத்தில் கயிறு கட்டி மருந்துத் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றினார். பிறகு சொன்னார்: "மருந்தோட வேகம் தானா இறங்கணும். அதுக்கு மாத்து மருந்துன்னு தனியா ஒண்ணும் இல்ல. ஒரு பக்கமா சாஞ்சு படுக்க மட்டும் விட்டுடாதீங்க. எச்சில் மூச்சுக்குழாய்க்குள்ள போனா முடிஞ்சுது. நெஞ்சுமேல நிமிந்து உக்காந்திருக்கணும். ரெண்டு பக்கமும் முட்டுக் குடுங்க. சத்தம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். சாயங்காலம் வந்து பாக்கறேன்."

"பொழச்சுக்குமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"சாயங்காலம் சொல்றேன்" என்றார் டாக்டர். ஸ்கூட்டர் போய்விட்டது.

முட்டுக் கொடுக்க வைக்கோல் கட்டு வைத்துப் பார்த்தார்கள், நழுவியது. கடைசியில் வாலுவின் இடது பக்கம் பெரியவளும் வலது பக்கம் சின்னவளும் தரையில் உட்கார்ந்து தங்கள் முதுகையே முட்டாகக் கொடுத்தார்கள். அப்படி உட்கார்ந்தால் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. நடுவில் மாட்டின் உடம்பு ஏறி இறங்கியது. அது நடுங்கும்போதெல்லாம் இரண்டு முதுகுகளும் சேர்ந்து நடுங்கின. மூச்சு ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தால் இருவரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது இழுத்து விட்டதும் இவர்களும் விட்டார்கள்.

"கருப்பி" என்றாள் பெரியவள் ஒருமுறை, "வாயத் துடைக்கச் சொல்லு."

சின்னவள் எட்டித் துடைத்தாள்.

சோறு இல்லை, தண்ணீர் இல்லை. கால் மரத்துப் போயிற்று. வெயில் ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழுந்து மெல்ல நகர்ந்தது. ஒருமுறை வாலுவின் தலை தொங்கி மண்ணில் பட்டது. "ஐயோ" என்று இருவரும் சேர்ந்து அலறி, சேர்ந்து தூக்கினார்கள். செத்துவிட்டது என்றுதான் சின்னவள் நினைத்தாள். இப்படித்தான் செவலையின் தலையும் தொங்கியது. கண்ணீர் தாரை தாரையாக வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. தாடைக்கு அடியில் அவள் கைமேல் பெரியவளின் கை இருந்தது. அந்தக் கை ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு நடுக்கம் குறைந்தது. குறைகிறதா, உயிர் போகிறதா என்று தெரியாமல் அவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். அப்போது வாலு தானாகக் கழுத்தை நிமிர்த்தியது. மூக்கை நீட்டிப் பெரியவளின் முந்தானையை மோந்தது. ஒரு ஓரத்தைக் கவ்வி இழுத்து மெல்லத் தொடங்கியது.

"திங்குதுடி! இங்க பாரு, திங்குது!"

பெரியவள் அதைக் கருப்பியிடம் சொல்லவில்லை. சின்னவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து விக்கலில் முடிந்தது. முந்தானையைப் பிடுங்கிக்கொள்ள இருவருக்குமே மனசு வரவில்லை. தின்னட்டும், எத்தனை சேலை வேண்டுமானாலும் தின்னட்டும்.

கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னாலிருந்து பெரியவளின் குரல் வந்தது. "ஒண்ணு கேக்கவா? செவலைய நான்தான் கொன்னேனா? இப்பவாவது சொல்லு."

ஊசி முனையைப் பார்த்தபோதுகூடச் சின்னவள் இப்படிப் பயப்படவில்லை. ஒரு வருஷமாக அவள் ஒளித்து வைத்திருந்தது மருந்து பாட்டில் மட்டுமல்ல.

"இல்லக்கா" என்றாள்.  "ஓட்டிட்டுப் போனது நீங்க. அந்த நேரத்துக்கு ஓட்டச் சொன்னது நான்தான். வெயில் ஏறி மேய்ஞ்சா கருப்பி பால் குறையுதுன்னு நான்தானே உங்கள விடியறதுக்கு முன்னாடி எழுப்பி அனுப்பினேன். டாக்டரம்மா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. உங்களுக்கு அது ஞாபகம் வந்துடுமோன்னு பயந்துதான் நான் முந்திக்கிட்டேன்."

 வாலு முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

"எனக்கு அன்னைக்கே ஞாபகம் இருந்துச்சு" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்ப முயன்றாள், முடியவில்லை. நகர்ந்தால் மாடு சாயும். "அப்ப ஏன்க்கா சொல்லல? தெருவே நின்னுச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"செத்தது என் மாடு. உன்னையும் எதுக்கு அதோட சேத்துச் சாகடிக்கணும்?" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரி, அழாத, நகராத. உன் பக்கமா சாயுது பாரு. நல்லா முட்டுக் குடு."

சின்னவள் காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, பலம் கொண்ட மட்டும் சாய்ந்து கொடுத்தாள்.